ஹாட் ஹேட்ச் வாங்கி ஏற்காடு ஏறி இறங்கிய நான்கு மாதங்கள்

கடந்த ஜூன் மாதம் ஒரு மாலை, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது என் காரின் பிரேக் பெடல் தரை வரைக்கும் அமுங்கியது. காரில் நான் மட்டும்தான். யாரையும் இடிக்கவில்லை, எனக்கும் அடி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நொடியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு முன்னால் மூன்று மாதமாக ஒன்றன்மேல் ஒன்றாகத் தவறு செய்திருக்கிறேன் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது. மொத்தம் 93,500 ரூபாய் போனது, பதினோரு நாள் கார் இல்லாமல் பஸ்ஸில் அலைந்தேன். யாராவது முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்தே இருக்காது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

என் வீடு கன்னங்குறிச்சியில். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் கணக்கு வழக்கைப் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் மேலே போக வேண்டும், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. பத்து வருடமாக ஒரு சாதாரண மேனுவல் கியர் ஹேட்ச்பேக்கில்தான் போய்வந்தேன். அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். எங்கே தண்ணீர் கசியும், எங்கே குரங்கு உட்கார்ந்திருக்கும், எந்த இடத்தில் பஸ் வந்தால் நாம் முன்னாலேயே ஒதுங்கி நிற்க வேண்டும், எல்லாம் தெரியும். இந்தத் தெரியும் என்ற நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

காலேஜ் நாளிலிருந்தே ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான என்ஜின் வைத்த சின்ன ஹேட்ச்பேக் கார் என்றால் எனக்குப் பைத்தியம். 1976-ல் வந்த ஃபோக்ஸ்வேகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐ வெறும் 1.6 லிட்டர் என்ஜின், 110 குதிரைத்திறன்தான். ஆனால் கார் 800 சொச்சம் கிலோதான் எடை. குடும்பத்தோடு காய்கறி வாங்கப் போகிற அதே டப்பாக் காரில் இவ்வளவு வேகமா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. இன்றைக்கு இருக்கும் எட்டாம் தலைமுறை ஜிடிஐயில் 265 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட ஆறு நொடிகூட ஆகாது. எடையும் 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. 2025-ல் அது இந்தியாவுக்கு இறக்குமதியாக வந்தபோது விலை 50 லட்சத்துக்கு மேல். எனக்கு எட்டாத உயரம். நம் ஊரில் நம் பட்ஜெட்டுக்குக் கிடைப்பது வேறு வகை: நாலு மீட்டருக்குள் நீளம், ஒரு லிட்டர் அல்லது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 120 குதிரைத்திறன் பக்கம். இது ஏன் இப்படி என்றால் வரிதான் காரணம். நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள்ளும் பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள்ளும் இருந்தால்தான் சின்னக் காருக்கான ஜிஎஸ்டி வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து அது 18 சதவீதம், அளவு தாண்டினால் 40 சதவீதம். அதனால் கம்பெனிகள் சின்ன என்ஜினில் டர்போ, அதாவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி வைத்துச் சக்தியைப் பிழிகிறார்கள். இந்த விவரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், மலை இறங்கும்போது இந்தச் சின்ன என்ஜின் ஒரு பெரிய விஷயமாகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

போன மார்ச்சில் புரோக்கர் ஒருவர் மூலம் ஈரோட்டில் ஒரு கார் கிடைத்தது. எந்த மாடல் என்று சொல்லவில்லை, தேவையும் இல்லை. எனக்கு நடந்தது எந்தக் கம்பெனியின் குறையும் அல்ல. புதுத் தலைமுறை வண்டி, இரண்டரை வயது, 27,000 கி.மீ. ஓடியது, ஒரே ஓனர். டர்போ என்ஜின், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் (இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றும் வகை). முன் பம்பருக்கு அடியில் சிவப்புக் கோடு, பின்னால் இரட்டைச் சைலன்சர், கூரையிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்பாய்லர், உள்ளே கறுப்புச் சீட்டில் சிவப்பு நூல் தையல். பார்த்த உடனே மனசு விழுந்துவிட்டது. ஷோரூமில் 16 இஞ்ச் வீல் வந்த காருக்கு முதல் ஓனர் 17 இஞ்ச் அலாய் வீல் மாட்டியிருந்தார். "அலாய் மட்டுமே எண்பதாயிரத்துக்குப் போட்டது மேடம், உங்களுக்கு முப்பத்தஞ்சு சேர்த்துக் கொடுங்க போதும்" என்றார் புரோக்கர். கொடுத்தேன். அதுதான் முதல் 35,000.

டெஸ்ட் டிரைவ் எங்கே செய்தேன் தெரியுமா? பவானி பக்கம் 544-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில். நாலுவழிச் சாலை, மேடு பள்ளம் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டியது. பத்து வருடம் ஒரு லாரியை முந்துவதற்கு மூன்று முறை யோசித்து ஓட்டியவளுக்கு அந்தத் தள்ளு எப்படி இருக்கும்! பதினைந்து நிமிடத்தில் முடிவு பண்ணிவிட்டேன். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: நீங்கள் தினமும் ஓட்டப் போகிற சாலையில்தான் டெஸ்ட் டிரைவ் செய்ய வேண்டும். ஈரோட்டுக்காரரிடம் "பெட்ரோல் நான் போடுகிறேன், ஏற்காடு ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கிறேன்" என்று கேட்டிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா மாட்டாரா தெரியாது. ஆனால் நான் கேட்கவே இல்லை. அப்புறம், சர்வீஸ் பில்களைப் புரட்டிப் பார்த்தேன், என்ஜின் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். பிரேக் ஆயில் என்று ஒரு வரி அதில் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. இன்ஷூரன்ஸை என் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பித்துவிட்டேன், அது ஒன்றைச் சரியாகச் செய்தேன். பழைய ஓனர் கிளைம் செய்யாததற்குக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) நமக்கு வராது, அதற்கு வித்தியாசத் தொகை கட்ட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

முதல் வாரம் ஏற்காடு ஏறியது சொர்க்கம். பழைய காரில் ஏழாவது, எட்டாவது வளைவுக்கெல்லாம் இரண்டாவது கியரில் மூச்சுத் திணறும், ஏசியை நிறுத்தினால்தான் ஏறும். இதில் ஏசி ஓட ஓட, பாட்டுக் கேட்டபடி ஏறுகிறது. ஒன்றிரண்டு குணங்களைப் பழக வேண்டியிருந்தது. வளைவில் வேகம் குறைந்து என்ஜின் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) 1,500-க்குக் கீழே போனால் டர்போ தூங்கிவிடும். மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, அப்புறம் மொத்தமாக ஒரே தள்ளு. ஈரச் சாலையில், சிதறிய ஜல்லியில், முன்சக்கரம் சுற்றிக்கொண்டு ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். அதனால் வளைவுக்குள் நுழையும் முன்பே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இடது பேடிலைத் தட்டி கியரைக் குறைத்து, காலை லேசாக வைத்தே சுற்ற வேண்டும், நேரான பிறகு மிதிக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் புதுத் தலைமுறைக் கார்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் முன் தூண் மிகவும் தடிமன். மோதினால் ஆளைக் காப்பாற்ற அப்படி வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் வலதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்கும் பைக் ஒன்று முழுசாக அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஒருமுறை வந்தவர் கத்தியே விட்டார். அன்றிலிருந்து வலது வளைவு என்றால் ஸ்டியரிங்கை நோக்கிக் குனிந்து, தலையை ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் திருப்புகிறேன். காரில் உட்கார்ந்து பார்க்கும்போது இதைச் சோதிக்கலாம்: யாரையாவது காருக்கு முன்னால் வலதுபுறம் நடக்கச் சொல்லி, எத்தனை அடி தூரம் அவர் மறைகிறார் என்று பாருங்கள்.

ஏப்ரலில் முதல் அடி விழுந்தது. மெயின் மலைப்பாதையில் வேலை நடந்ததால் குப்பனூர் வழியாக இறங்கினேன். கொட்டச்சேடு தாண்டி ஒரு பள்ளம், நிழலில் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. மறுநாள் காலையில் கார் துடைக்கும்போதுதான் பார்த்தேன், இடது முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். உள்ளே நூல் அறுந்துவிட்டால் காற்று அப்படி வெளியே தள்ளும். அதில் ஓட்டவே கூடாது, பஞ்சரும் ஒட்ட முடியாது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த 195/55 ஆர்16 டயரில் பக்கச்சுவர் உயரம் 107 மில்லிமீட்டர். என் காரில் இருந்த 205/45 ஆர்17-ல் 92 மில்லிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் ரப்பர் குறைவு. ஷோவுக்காக மாட்டியவர் அந்த ஒன்றரை சென்டிமீட்டரைத்தான் எனக்கு 35,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். அந்த அளவு டயர் சேலத்தில் நான்கு கடையிலும் இருப்பு இல்லை, கோயம்புத்தூரிலிருந்து வர ஐந்து நாள் ஆயிற்று, 9,800 ரூபாய். இன்ஷூரன்ஸைக் கேட்டேன். டயர் மட்டும் பழுதானால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. அதே விபத்தில் காரும் சேதமாகியிருந்தால்தான் டயருக்குப் பாதி. முழுசாக வேண்டுமென்றால் டயருக்கென்று தனியாக ஆட்-ஆன் (கூடுதல் காப்பீடு) எடுத்திருக்க வேண்டும். மலையில் ஓட்டுகிறவர்கள் அதை எடுத்துவிடுங்கள்.

அப்போதும் 17 இஞ்சை நான் கழற்றவில்லை. அழகு கண்ணை மறைத்தது. கழற்றியது ஜூலையில்தான். பழைய அளவில் செகண்ட் ஹேண்ட் அலாயும் புது டயரும் போட்டு, அந்த 17 இஞ்ச் செட்டை விற்ற காசு போக என் கையிலிருந்து போனது 22,000.

மே மாதம் கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை மேலே போனது என் தப்பு. ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து பின்னால் வளைவுகள் வரைக்கும் வண்டி வரிசை. ஏற்றத்தில் ஒரு அடி நகர்வது, நிற்பது, ஒரு அடி நகர்வது. அரைமணி நேரத்தில் கியர்பாக்ஸ் சூடாகிறது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தது. காரணம் என் கால்தான். ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே காரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தேன். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் அது பரவாயில்லை. உலர் வகை டூயல் கிளட்ச்சில் உள்ளே உண்மையான கிளட்ச் பிளேட்தான் உரசிக்கொண்டு நிற்கிறது, குளிர்விக்க ஆயில் கிடையாது. காரை ஒதுக்கி, என்ஜினை ஓடவிட்டு, கியரை பார்க்கில் (பி) போட்டு இருபது நிமிடம் காத்திருந்தேன், சரியாயிற்று. அதற்கப்புறம் முன்னால் இருப்பவர் ஒரு கார் நீளம் நகர்ந்த பிறகுதான் நான் நகர்வது, நிற்கும்போதெல்லாம் பிரேக்கில் கால் வைப்பது என்று பழகிக்கொண்டேன். செலவு இல்லை. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

இப்போது ஜூனுக்கு வருகிறேன்.

அன்று மாலை ஐந்தரை இருக்கும். மதியம் பெய்த மழை விட்டிருந்தது, மேலே பனிமூட்டம். மாதக் கணக்கு முடித்த களைப்பு, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம், டிக்கியில் எஸ்டேட்டிலிருந்து எடுத்துவந்த இரண்டு மூட்டை காபிக்கொட்டை வேறு. கியரை டி-யில் (தானாகக் கியர் மாறும் டிரைவ் நிலை) போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தேன். மூன்று மாதமாக அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். பழைய காரில் என்றால் முதல் வளைவு வருவதற்குள் கை தானாகப் போய் இரண்டாவது கியரைப் போடும். யாரும் சொல்லித் தந்ததுகூட இல்லை, பழக்கம். ஆட்டோமேட்டிக் வந்ததும் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. டி-யில் காலை எடுத்ததும் இந்தப் பெட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது. 40 கி.மீ. வேகத்திலேயே நாலாவது, ஐந்தாவது கியருக்குப் போய்விடுகிறது, ஆர்.பி.எம். 1,200 பக்கம் கிடக்கும். என்ஜின் காரைப் பிடித்து இழுப்பதே இல்லை. அதுவும் ஒரு லிட்டர் என்ஜின். என்ஜின் சின்னதாக இருந்தால் அது கொடுக்கும் பிடிப்பும் சின்னது. காரோ என் பழைய காரைவிடக் கிட்டத்தட்ட 200 கிலோ கூடுதல். ஏறும்போது அந்தக் குறையை டர்போ சரிக்கட்டும். இறங்கும்போது டர்போவால் ஒரு பயனும் இல்லை. மொத்தப் பாரமும் பிரேக் மேல்.

பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியபோது ஒரு வாசனை வந்தது. சூடான இரும்பும் எரிந்த ரப்பரும் கலந்த மாதிரி. முன்னால் போன லாரியின் வாசனை என்று நினைத்தேன். இதுதான் அன்றைய பெரிய தவறு. மலையில் அந்த வாசனை வந்தால் முதலில் உங்கள் காரைச் சந்தேகப்படுங்கள். கீழிருந்து எண்ணினால் எட்டாவது வளைவுக்கு முன்னால் உள்ள இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. இன்னும் மிதித்தேன், தரையைத் தொட்டது. கார் குறையவில்லை. வயிற்றுக்குள் என்னவோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. வாய் வறண்டுவிட்டது, கத்தக்கூட வரவில்லை. என் மகளின் ஸ்கூல் பேக் பின் சீட்டில் கிடந்தது, கண்ணாடியில் அது தெரிந்தது. அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

கால் தானாகப் பெடலை விட்டுவிட்டு வேகவேகமாகக் குத்தியது, நாலைந்து முறை. கொஞ்சம் பிடி திரும்பியது. அதே நேரம் இடது பேடிலை மூன்று முறை இழுத்தேன், இரண்டாவது கியர் விழுந்ததும் என்ஜின் அலறியது, கார் முன்னால் குனிந்தது. ஹேண்ட்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நல்லவேளையாக அந்த இடத்தில் என் இடதுகைப் பக்கம் மலைச்சுவர், அதன் அடியில் தண்ணீர் ஓடும் கால்வாய். சக்கரத்தை அதை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன். நின்ற பிறகு கை நடுங்கியதில் சீட் பெல்ட்டைக் கழற்றவே ஒரு நிமிடம் ஆயிற்று.

இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் இரண்டிலிருந்தும் வெள்ளைப் புகை. பயத்தில் காரில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இடது சக்கரத்தில் ஊற்றினேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம். அப்புறம் அடுத்த பாட்டிலை வலது பக்கம். இதைச் செய்யவே கூடாது. அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிப்போகும், விரிசல்கூட விடலாம். தானாக ஆற விட வேண்டும், அவ்வளவுதான்.

போனில் சிக்னல் ஒரு புள்ளி வந்து வந்து போனது. பத்து நிமிடத்தில் ஒரு எஸ்டேட் ஜீப் இறங்கி வந்தது. ஓட்டியவருக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். நிறுத்தியதும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் ஓரத்தில் கிடந்த இரண்டு கல்லை எடுத்து சக்கரத்துக்கு முன்னால் முட்டுக் கொடுத்தார். அப்புறம் புதரில் மரக்கிளை நாலு ஒடித்து, வளைவுக்கு மேலே இருபது முப்பதடி தூரத்தில் சாலையில் போட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்த்துவிட்டு, "டி-யில போட்டு இறக்கினீங்களாம்மா?" என்றார்.

"ஆமாங்கண்ணே."

"எந்த கியர்ல ஏறுறீங்களோ அந்த கியர்லயே இறங்கணும்மா. ஆட்டோமேட்டிக்னாலும் அதான். பிரேக்கு நிறுத்துறதுக்கு, இறக்குறதுக்கு இல்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. பத்து வருடம் தெரிந்து வைத்திருந்த ஒன்றை மூன்று மாதத்தில் தொலைத்திருக்கிறேன். ரெக்கவரி வண்டி சேலத்திலிருந்து வர இரண்டு மணி நேரம் ஆயிற்று, அதுவரைக்கும் அந்த அண்ணன் கிளம்பவே இல்லை. காசு கொடுத்தபோது கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ரெக்கவரிக்கு 5,500. அவசர உதவி ஆட்-ஆன் என் பாலிசியில் இல்லை. முன் டிஸ்க் இரண்டு, பேட் செட், கூலி எல்லாம் சேர்த்து 19,800. பிரேக் ஆயில் மாற்ற 1,400. பாகம் வர ஆறு நாள், ஏப்ரலில் டயருக்கு ஐந்து நாள், இதுதான் அந்தப் பதினோரு நாள். மெக்கானிக் பழைய பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டினார். புதுசு தேன் நிறத்தில் தெளிவாக இருக்கிறது. என்னுடையது டிகாக்ஷன் மாதிரி கறுத்திருந்தது. இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியை அழுத்தினால் சுருங்கும். பெடல் தரைக்குப் போவது அதனால்தான். குத்திக் குத்தி மிதித்தபோது கொஞ்சம் பிடித்ததும் அதனால்தான். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் அது வேறு. அப்போது பேட் சூடாகிப் பிடி இழந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கியரைக் குறை, ஓரங்கட்டு, ஆற விடு. ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 1,400 ரூபாய் வேலை.

அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், கணக்குப்பிள்ளை புத்தி. மலை உச்சிக்கும் அடிவாரத்துக்கும் ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்தின் மொத்த ஆற்றலும் எங்காவது சூடாகக் கரைந்தாக வேண்டும். அது 100 கி.மீ. வேகத்திலிருந்து காரை முழுசாக 25 முறை நிறுத்துவதற்குச் சமம். காரின் எடை எவ்வளவாக இருந்தாலும் இந்த 25 மாறாது. காற்றும் டயர் உரசலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜின் வாங்க வேண்டும், அல்லது நாலு டிஸ்க் வாங்க வேண்டும். நான் மொத்தத்தையும் டிஸ்க்குக்கே கொடுத்திருக்கிறேன், வாரம் மூன்று நாள். ஹாட் ஹேட்ச் பற்றிப் பேசும் எல்லோரும் 0-100 எத்தனை நொடி என்றுதான் பேசுகிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். 100-லிருந்து 0-க்கு 25 முறை வந்தால் இந்தக் கார் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது நான் ஓட்டும் முறை இது. ஏற்காட்டில் கிளம்பி இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாவது கியர். 30 கி.மீ. வேகத்தில் ஆர்.பி.எம். 2,000-ஐத் தாண்டி நிற்கும், என்ஜின் உறுமும், உறுமட்டும். செங்குத்தான வளைவுக்கு முதல் கியர். பிரேக்கைத் தடவிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாக ஒரு மிதி, அப்புறம் முழுசாக விடுதல். விட்ட நேரத்தில்தான் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கிறது. ஏறிவரும் வண்டிக்கு, வழி குறுகலாக இருந்தால், இறங்குகிற நான்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். சட்டமும் அதுதான். அப்படி நிற்கும் நேரம் பிரேக்குக்கும் ஓய்வு.

போன மாதம் என் அலுவலகத் தோழி ஒருத்தி இதே வகையில் ஒரு கார் பார்த்திருப்பதாகச் சொன்னாள், நல்ல சிவப்பு நிறம். விற்பவரிடம் கேட்டு, நானும் அவளுமாக ஏற்காடு கொண்டுபோய் இறக்கினோம். கிளம்புவதற்கு முன் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று பில்லில் தேதியைப் பார்த்தோம், டயர் நாலின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். அவள்தான் ஓட்டினாள், இரண்டாவது கியரில், இருபது வளைவும். அடிவாரத்தில் நிறுத்தி இரண்டு பேரும் குனிந்து நாலு சக்கரத்தையும் மோந்து பார்த்தோம். வாசனை இல்லை. பக்கத்துக் கடையில் தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே விலை பேச விற்பவருக்குப் போன் போட்டாள்.